மாலை போட்டவனுக்கு அடி இல்லை

எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ஏன் சண்டை வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பட்டம் அறுந்த தகராறு என்பார்கள். எதுவானால் என்ன, எங்கள் தெருப் பையன் அங்கே போனால் மண்டை உடையும். அவர்கள் இங்கே வந்தாலும் அதே மரியாதைதான். என் பள்ளிக்கூடமோ அந்தத் தெருவைத் தாண்டி இருந்தது. வைகை மணலில் இறங்கிச் சுற்றிப் போனால் முதல் பீரியட் முடிந்திருக்கும். முதல் பீரியட் அல்ஜீப்ரா. நாலாம் பாரத்தில் ஏற்கெனவே ஒருமுறை கோட் அடித்து அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் நான். இன்னொரு முறை என்றால் மில் வேலைக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் மாசியிலேயே மாலை போட்டுக்கொள்வார்கள். மாலை போட்டவன் மேல் எங்கள் ஊரில் எவனும் கை வைக்க மாட்டான். நானும் போட்டேன். பழனிக்குப் போகும் எண்ணம் கடுகளவும் இல்லை. மறுநாள் நெற்றி நிறையத் திருநீறோடு எதிரித் தெருவில் நடந்தேன். போன மாதம் என்னைத் துரத்தியவனே ஒதுங்கி வழிவிட்டான். "நில்லுங்க சாமி, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று அவன் அம்மா செம்பை நீட்டினார். அல்ஜீப்ராவும் மெல்லப் பிடிபட ஆரம்பித்தது.

பங்குனியில் வினை வந்தது. அந்த அம்மா தன் மகனுக்கும் மாலை போட்டுவிட்டார்.

"இவனையும் ஒங்ககூடக் கூட்டிக்கிட்டுப் போங்க சாமி."

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. முடியாது என்றால் முதலில் குட்டு உடையும், பிறகு மண்டை உடையும். கணக்குப் புத்தகத்தை மூட்டையில் செருகிக்கொண்டு அவனோடு பழனிக்கு நடந்தேன்.

வாடிப்பட்டி தாண்டி ஒரு சத்திரத்தில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை எப்போதோ விட்டுவிட்ட அவன், எட்டிப் பார்த்துக் கரித்துண்டை எடுத்துத் தரையில் நாலே வரியில் போட்டு முடித்தான். வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"இம்புட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஏன் சாமி படிப்ப விட்டீங்க?"

"எம் பள்ளிக்கூடத்துக்கு ஒங்க தெரு வழியாத்தான் போகணும் சாமி. முக்குல நின்னு கல்லக் கொண்டி எறிஞ்சாய்ங்க. அம்மா இனிமே போகாதன்னுருச்சு."

எறிந்த கைகளில் ஒன்று என்னுடையது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைச் சொல்லத் தைரியமும் வரவில்லை.

பழனி போய்ச் சேரும்வரை வழிநெடுகச் சொல்லிக்கொடுத்தான். பாஸாகிவிட்டேன்.

ஐந்தாம் பாரத்தின் முதல் நாள், மாலை இல்லாமலே அவன் தெரு வழியாகப் போனேன். யாரும் என்னைத் தொடவில்லை. எதிரே அவன் தூக்குவாளியோடு வந்தான்.

"மில்லுக்கு நேரமாச்சு, வாரேன் சாமி" என்றான்.