பேசாத வூட்டுக்குப் போய் சத்தம் போட்டு வந்த கதை

மாமு, தினமும் காலையில் வண்டிக்குள்ள கண்ணை மூடிக்கினு பத்து நிமிஷம் உட்காருவியே, அது என்னதான் என்று பார்த்துவிட்டு வரப் போனேன். கோபத்தோடதான் கிளம்பினேன். பாதிக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாமு என்பது என் வீட்டுக்காரர். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கம்பெனி வேன் ஓட்டினார். ஷிஃப்டு ஆட்கள் ஏறுவதற்கு முன்னால் ஸ்டியரிங்கில் கை வைத்து, வாயே திறக்காமல் ஜெபம் பண்ணுவார். சின்ன வயசில் அவங்க ஊர் ஃபாதர் பழக்கிவிட்டது. ஆட்களுக்கும் அது தெரியும். அண்ணன் கண்ணைத் திறக்கிற வரைக்கும் கதவைத் தொட மாட்டார்கள், வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமையும் அப்படித்தான் நின்றார்கள். அரை மணி நேரம். அப்புறம்தான் ஒருத்தர் கதவைத் திறந்தார். மாரடைப்பு. "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஜெபத்துலயே போயிட்டாரு, குடுத்து வெச்சவரு" என்று எங்க சர்ச் பொம்பளைகள் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்க ஜெபக் கூட்டத்தில் ஜெபம் என்றால் தொண்டை கிழியக் கத்துவோம். கத்துகிற ஆள் மயங்கி விழுந்தால் உடனே தெரியும். பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு என்ன ஆச்சு என்று யாருக்குத் தெரியும்?

மாமு பையில் ஒரு தியான இல்லத்தின் சீட்டு இருந்தது. மாசத்தில் ஒரு சனிக்கிழமை மௌன ஜெபம் என்று போட்டிருந்தது. போன சனிக்கிழமை போனேன். முன்னால் வேளாங்கண்ணி போனதை இங்கே எழுதினபோது செலவெல்லாம் கேட்டீர்கள், அதனால் இதையும் விவரமாகவே எழுதுகிறேன்.

காலை 6.10க்கு சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். இருபது நிமிஷத்தில் செங்கல்பட்டு. அங்கிருந்து 6.50க்குத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 28 ரூபாய். மாமல்லபுரத்தில் இரண்டு இட்லி ஒரு வடை எழுபது ரூபாய் என்றார்கள். கடலைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பணத்தைக் கொட்டத்தான் வருகிறார்கள் என்று நினைப்பு. வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள்.

தியான இல்லம் நெம்மேலி போகிற ரோட்டில் ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 200 கேட்டார். 120க்குப் பேசி ஏறினேன்.

"பேசாத வூடாக்கா?" என்றார். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். "பேசாம இருக்கறதுக்கு டப்பு குடுத்துகினு இன்னாத்துக்குப் போறே? எங்க வூட்டாண்ட வா. என் பொஞ்சாதி மூணு நாளா என்னாண்ட பேசல. ஃப்ரீயாவே கத்துக்கலாம்."

எட்டு மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன். அதற்காகவே பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

உள்ளே ஒரு நாளைக்கு 400 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரைக்கும். போனை வாங்கிக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். இருபது பேர் இருந்தோம். நிறைய பேர் கல்பாக்கத்திலும் ஐ.டி. ஆபீசிலும் வேலை பார்க்கிறவர்கள். நடத்துகிற சிஸ்டர் மெல்லச் சொன்னார்: முதுகை நேராக வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள், ஆண்டவர் பேரை மட்டும் மனசுக்குள் சொல்லுங்கள், வேறு நினைப்பு வந்தால் சண்டை போடாமல் விட்டுவிடுங்கள். மணி அடித்தால் எழுந்திருக்கலாம். எழாமல் இருப்பவர்களை யாரும் தொடக் கூடாது.

அந்தக் கடைசி வார்த்தையிலேயே எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

முதல் அரை மணியில் எனக்கு ஆண்டவர் பேர் வரவில்லை. டீ கிளாசோடு நின்ற அந்த ஆட்கள்தான் வந்தார்கள். வெளியே சவுக்குத் தோப்பில் காற்று, அதற்கு அந்தப் பக்கம் கடல். இரண்டாவது தடவை மணி அடித்தபோது எல்லோரும் பூனை மாதிரி எழுந்து வெளியே போனார்கள். சுவரோரம் ஒரு பெரியவர் மட்டும் எழவில்லை. தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. ஒவ்வொருத்தரும் அவரைப் பார்த்தார்கள், கும்பிடுகிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

என்னால் முடியவில்லை. ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஐயா, எழுந்திருங்க. ஐயா." என் சத்தம் அந்த ஹால் முழுக்கக் கேட்டது. அவர் திடுக்கிட்டுக் கண் விழித்தார். வாசலில் நின்ற அத்தனை முகமும் என்னைத்தான் பார்த்தது.

சிஸ்டர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "அவர் ஆண்டவரோட இருந்தாரும்மா. கலைச்சிட்டீங்களே."

"கலைஞ்சா திரும்ப உட்கார்ந்துக்கட்டும், சிஸ்டர். உயிர் போச்சுன்னா உட்கார வைப்பீங்களா?" என்றேன். வேனையும் அரை மணி நேரத்தையும் சொன்னேன். மரியாதையாம் மரியாதை. ஒரு கையைத் தோளில் வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று கேட்டேன். சாப்பாட்டு மணி அடித்தது, சிஸ்டர் உள்ளே போனார்.

சாப்பாட்டில் சாம்பார், கோஸ் பொரியல், மோர். பேசக் கூடாது. அந்தப் பெரியவர் மோர் வாங்குகிற சாக்கில் என் பக்கம் குனிந்து, "நான் தூங்கிட்டுதாம்மா இருந்தேன். சிஸ்டர்கிட்ட சொல்லிடாத" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அவர் திரும்பிப் போய் உட்காருகிறதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் தூக்கம், ஜெபம், சாவு எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது.

இரண்டரை மணிக்குக் கடைசி ஜெபம். கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். 400 ரூபாய் கட்டியாச்சே என்று உட்கார்ந்தேன். சண்டை போட்டுக் களைத்துப் போயிருந்தேன் போல. ஆண்டவரே என்று இரண்டு தடவை சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் என் தோளில் ஒரு கை. கண்ணைத் திறந்தால் சிஸ்டர். மணி எப்போதோ அடித்துவிட்டதாம். எனக்குக் கேட்கவில்லை. கடல் கேட்கவில்லை. வலி இல்லை, டீ கிளாஸ் இல்லை. நான் தூங்கவும் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். என்னைத் தொட்டுவிட்டு, கண் மூடியிருந்த இன்னும் மூன்று பேர் தோளையும் சிஸ்டர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்.

போகிறவர்களுக்கு: திரும்பி வர ஆட்டோ நம்பர் வாங்கி வையுங்கள், ரோட்டில் நின்றால் கிடைக்காது. தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலி கேளுங்கள், தருகிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். வீட்டில் யாராவது இப்படிக் கண் மூடி உட்கார்ந்தால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிஸ்டர் தொடாமல் விட்டிருந்தால் நான் இன்னும் எவ்வளவு நேரம் அந்தச் சத்தமும் வலியும் இல்லாத இடத்திலேயே இருந்திருப்பேனோ. பஸ்ஸில் செங்கல்பட்டு வரைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மாமு, அன்னிக்கு நீயும் அங்கதான் இருந்தியா? இல்ல, யாராவது கதவத் தொறக்க மாட்டாங்களான்னு பாத்துக்கினு இருந்தியா?