மாடத்தி வயிற்றில் நின்ற மாவிளக்கு

சரவெடி பின்னுவதில் மாடத்தியை மிஞ்ச அந்தப் பட்டாசுக் கம்பெனியில் ஆள் கிடையாது. வாயடிப்பதிலும்தான். 2006 கோடையில் அந்த வாய் அடங்கிப்போனது. வலது விலாவுக்குக் கீழே வயிறு மேடிட்டு, இரண்டு வாய்ச் சோறு இறங்கினாலே மூச்சு முட்டியது. இந்த வயசில் முழுகாமல் இருக்கிறாளா என்று ஊர் நாக்கில் நரம்பில்லாமல் பேசியது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கோயிலில் படுத்து வயிற்றில் மாவிளக்கு வைத்தாள். மேட்டில் நிற்காமல் விளக்கு சரிந்து விழுந்தது. ஆத்தாளே கைவிட்டுவிட்டாள் என்று அழுதவளைப் புருஷன் முத்துக்கருப்பன் மதுரைக்குக் கூட்டிப்போனான்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஸ்ரீமதி, ஈரலில் பெரிய நீர்க்கட்டி, புற்று இல்லை என்றார். வயிற்றைக் கிழிக்க வேண்டாமாம். சின்னத் துளைகள் போட்டு, கேமராவை விட்டு, உள்ளே கேஸ் நிரப்பி, கட்டியின் நீரை உறிஞ்சி, அதன் மேல்தோலைக் கரண்டுச் சூட்டில் வெட்டி எடுப்பார்களாம்.

மாடத்தி கட்டிலைவிட்டுக் குதித்து இறங்கினாள்.

"கேஸ நெப்பி அதுக்குள்ள நெருப்பு வைப்பீகளா? நல்லாருக்கே! எங்க கம்பெனியில ஆணி உரசினாலே அம்புட்டுப் பேரும் வெளிய ஓடுவோம். ஏய்யா, எந்திரிங்க, ஊருக்குப் போவோம்!"

சும்மா வந்த பயமில்லை அது. பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னிய செல்வி என்கிற செல்வலட்சுமியை ஒரே ஒரு பொறிதான் கொண்டுபோனது.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "இது எரியிற கேஸ் இல்லம்மா, தீயை அணைக்கிற கேஸ். சோடாவுல பொங்குதே, அதேதான்."

மாடத்தி மறுபடி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். "அப்பச் சரி. சோடா குடிச்சு எவளும் வெடிச்சதில்ல. செய்யுங்க!"

ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நடந்தாள். முழு இட்லி ஒன்று உள்ளே போயிற்று, மூச்சு முட்டவில்லை! தூங்கிக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரியைத் தட்டி எழுப்பி அதைச் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வது, சந்தோஷம் தாங்கவில்லையே.

ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கம்பெனிப் பெண்கள் லோடு வண்டி பிடித்து அவளோடு இருக்கன்குடிக்கு வந்தார்கள். படுத்தவள் வயிற்றில் ஈரத்துணி விரித்து மாவிளக்கை வைத்தார்கள். அசையாமல் நின்றது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. முத்துக்கருப்பன் உரசிய தீக்குச்சி இரண்டும் பற்றாமலே ஒடிந்தன.

"இங்கன குடுங்க" என்று வாங்கித் தானே கொளுத்தினாள் மாடத்தி. சுடர் எழுந்தது. கண்ணீர் காதோரம் வழிய, கோபுரத்துக்கு மேலே பார்த்தாள்.

"செல்வி, பாத்தியாடி? வெடிக்கல."