மதிய ஷிப்ட்டில் இயற்பியல்

கிறிஸ்டினா அமைதியானவள் என்று எங்கள் கல்லூரியில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். வருகிற கோபத்தைப் பல்லைக் கடித்து உள்ளேயே வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. திருவள்ளூரில் பெருமாள் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். வாய் மட்டும் அந்தத் தெருவுக்கு அடங்காமல் போய்விட்டது என்று வீட்டில் இன்றைக்கும் திட்டுவார்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கிறிஸ்டினா அங்கே இயற்பியல் நடத்தினாள். எனக்கு நிரந்தர வேலை. அவளுக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை, கோடை விடுமுறையில் சம்பளமும் கிடையாது. அந்த வேலைக்குப் பெயர் கௌரவ விரிவுரையாளர். அதில் கௌரவத்தைக் கண்டுபிடித்த மகானுபாவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்பேன்.

அவளுடைய ஊர் சிப்காட்டுக்குப் பின்பக்கம். அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். வயல்களில் கம்பெனிகள் எழுந்தபோது பட்டா வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. நட்டவர்களுக்குக் கம்பெனி வாசலில் காலையில் போய் நிற்கிற உரிமை கிடைத்தது. அப்பா ஆசீர்வாதம் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, உலைக்குப் பக்கத்திலேயே நரைத்துப் போனவர். அந்தப் பக்கம் துவைத்துக் காயப்போட்ட துணியை உதறாமல் யாரும் மடிக்க மாட்டார்கள். சோற்றுப் பானை மூடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.

பன்னிரண்டாவது முடித்ததும் கிறிஸ்டினாவும் வேலைக்குத்தான் போனாள். காலையில் இறால் உரிக்கிற கம்பெனி, மதியம் இதே கல்லூரி. அரசு கல்லூரி என்பதால் கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் பிறகு சென்னையில் பல்கலைக்கழகம், அங்கே ஆராய்ச்சிக்கு அரசாங்கத்தின் உதவித்தொகை. காற்றில் மிதக்கும் தூசியில் பட்டு ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. இதை வீட்டில் சொன்னபோது ஆசீர்வாதம் சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தாராம்.

"நான் முழுங்குன தூசிய நீ படிச்சிக்கினு கீறியா? படி, படி. யாருனா ஒருத்தர் கணக்கு வெச்சிக்கணும் இல்ல" என்றாராம்.

அவளுக்கு டாக்டர் பட்டம் வந்த வருடமே அவர் மூச்சு வாங்கி வாங்கிப் போய்ச் சேர்ந்தார். அம்மா ஞானம்மாவைத் தனியே விட மனமில்லாமல் கிறிஸ்டினா ஊருக்கே திரும்பி வந்தாள். படித்த கல்லூரியிலேயே, தான் உட்கார்ந்திருந்த அதே மதிய வகுப்புக்குப் பாடம் எடுக்க நின்றாள்.

எங்கள் கல்லூரி இரண்டு ஷிப்ட்டாக நடந்துகொண்டிருந்தது. காலையில் வருவது முதல் ஷிப்ட், மதியம் வருவது செகண்ட் ஷிப்ட். மதியம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் காலையில் கம்பெனியில் நின்றுவிட்டு வருகிறவர்கள். மோனிகா அவர்களில் ஒருத்தி. ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நீல யூனிஃபார்மின் மேலேயே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடி வருவாள். மூச்சு வாங்க உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கியும் விடுவாள். கிறிஸ்டினா அவளை உடனே எழுப்ப மாட்டாள். கொஞ்ச நேரம் விட்டு, தோளைத் தொட்டு, விட்ட பாடத்தை அவளுக்காக ஒரு தரம் சொல்லுவாள். மற்ற பிள்ளைகள் அதைப் பொறாமையில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாளைக்குத் தூங்கப் போவது அவர்களாகவும் இருக்கலாம்.

ஆய்வகத்தில் எரிகிற சோடியம் விளக்கு ஒன்றே ஒன்று. புதிது கேட்டால் நிதி இல்லை என்று கையை விரிப்பார்கள். பிள்ளைகள் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்று அந்த ஒரு விளக்கைப் பார்ப்பார்கள். நிறமாலைமானியில் கண்ணை வைத்த மோனிகா முதல் முறை அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டு, "மேம், ஒண்ணுன்னு நெனச்சேன், ரெண்டு கீது" என்றாள். கிறிஸ்டினா தமிழ்த் துறைக்கு ஓடி வந்து அதை என்னிடம் சொன்னாள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. மோனிகாவை எப்படியாவது எம்.எஸ்சி. வரை கொண்டுபோய்விட வேண்டும், அது தன் பொறுப்பு என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலிடத்துக்குச் சிக்கன ஞானம் பிறந்தது. மதிய ஷிப்ட் இயற்பியலுக்குப் பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை, செலவு வீண், மூடிவிடலாமா என்று பார்க்க சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. முதல்வர் பவ்யமாக நின்றார். நாங்களும் நின்றோம். குழுவுக்குத் தலைமை வகித்த அதிகாரி, பக்கத்திலேயே தனியார் கல்லூரிகள் இருக்கின்றனவே, வசதி உள்ளவர்கள் அங்கே படிக்கலாமே என்றார். வசதி இல்லாதவர்களைப் பற்றி அவர் பேசவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கிறிஸ்டினா திறந்துவிட்டாள்.

"சார், இங்க வந்த கம்பெனிங்களுக்கு ரோடு போட்டீங்க, கரண்ட் குடுத்தீங்க, தண்ணி குடுத்தீங்க. அது செலவுன்னு யாரும் சொல்லல, வளர்ச்சின்னு சொன்னாங்க. இந்தப் பசங்களுக்கு நாங்க கேக்குறது ஒரு கிளாஸ் ரூமும் ஒரு லேபும். அது மட்டும் எப்டி சார் வீண் செலவாகுது? எங்கப்பா உலையில வெந்தாரு. கவர்மென்ட்டு என்னைப் படிக்க வெச்சுது. படிக்க வெக்கலன்னா நானும் ஏதோ ஒரு லைன்ல நின்னுக்கினு இருப்பேன். நின்னா தப்பில்ல. ஆனா வேற வழியே இல்லாம நிக்கக் கூடாது."

அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மாணவர்களிடமே போனில் கேட்டு முடிவு செய்கிறோம், அவர்கள் வருவதாகச் சொன்னால் வகுப்பு இருக்கும் என்றார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளையே கேட்டால் பிறகென்ன கவலை? கிறிஸ்டினா அன்று எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தாள். போன் வரும், எடுத்துப் பேசுங்கள் என்று வகுப்பில் சொல்லியும் வைத்தாள். அன்றைக்கு மோனிகாவும் இன்னும் பல பேரும் கம்பெனியில் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டு வரவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஷிப்ட் என்றால் அது கம்பெனி ஷிப்ட்தான். கல்லூரி வேலை நேரத்துக்கு அந்தப் பெயர் கோப்பில் இருக்கும், எங்கள் வாயில் இருக்கும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதைக் காலேஜுக்குப் போறேன் என்பார்களே தவிர ஷிப்ட்டுக்குப் போறேன் என்று சொல்லவே மாட்டார்கள். அதோடு, காலை வேலை முடிந்து போகிற ஆளை, இன்னொரு ஷிப்ட்டும் நில்லு என்று கான்ட்ராக்டரின் ஆபீஸிலிருந்து போன் போட்டு நச்சரிப்பது இங்கே தினப்படி பேஜாரு. அந்த ஆபீஸும் சென்னையில்தான் இருக்கிறது.

மறுநாள் மோனிகா பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது போன் வந்தது. சென்னை ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்றது ஒரு குரல். பெயரைக் கேட்டது. செகண்ட் ஷிப்ட்டுக்கு வருகிறாயா என்று கேட்டது. மோனிகாவுக்கு எரிச்சல். வகுப்புக்கு நேரமாகிறது, இவனுங்க வேற என்று நினைத்திருக்கிறாள்.

"செகண்ட் ஷிப்ட்டுக்கெல்லாம் நான் வர மாட்டேன் சார். என்னிக்குமே வரமாட்டேன். இனிமே போன் பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, பஸ் ஏறி நேராகச் செகண்ட் ஷிப்ட் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாள்.

போண்டா வாங்கிக் கொடுத்த அன்று கம்பெனியில் மாட்டிக்கொண்ட மற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் இருந்த கொஞ்சம் பேர் மட்டும் சரியாகப் பதில் சொன்னார்கள். அது போதவில்லை. மாணவர்களுக்கே விருப்பமில்லை என்று காரணம் காட்டி, மதிய ஷிப்ட் இயற்பியலை மூடும் உத்தரவு வந்தது. இருக்கிற பிள்ளைகள் காலை வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்று தாராள மனசோடு ஒரு வரியும் இருந்தது. காலையில் அவர்கள் கம்பெனியில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லத்தானே இத்தனை பாடு!

எப்படி இந்தப் பதில் போனது என்று வகுப்பில் விசாரித்தபோதுதான் விவரம் வெளியே வந்தது. கிறிஸ்டினா அடுத்த நாளே சென்னைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பெஞ்சில் வெகுநேரம் காக்க வைத்து உள்ளே விட்டார்கள். இது சொல்லால் வந்த குழப்பம், திரும்ப ஒரு முறை காலேஜ் என்று சொல்லிக் கேளுங்கள் என்று அவள் மன்றாடினாள். அதே அதிகாரி அதே மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, பதில்கள் பதிவாகிவிட்டன, நிதி வேறு தலைப்புக்கு மாற்றப்பட்டுவிட்டது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் மணி அடித்தார். வெளியே வந்து படியிறங்கும்போது கிறிஸ்டினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலை வகுப்புக்குச் சிலர் மாறினார்கள். மோனிகாவால் முடியவில்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. கம்பெனியில் ஒரிஜினல் சான்றிதழ்கள் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்றார்களாம், கல்லூரியில் இருந்த அவற்றோடு டி.சி.யும் வாங்க வந்தாள். யாருன்னு கேக்காமயே வரமாட்டேன்னு சொல்லிட்டேனே மேம், என்னாலதான் எல்லாருக்கும் போச்சு என்று கிறிஸ்டினாவைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். கிறிஸ்டினா அவளை அணைத்துக்கொண்டு, உன்னால் இல்லை, உன்னால் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள், விலகும் காரணத்தோடு. வகுப்பு மூடப்பட்டதால் என்று மோனிகா எழுதினாள். எழுத்தர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வகுப்பு மூடப்படவில்லை, காலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது, ஆகவே சொந்த விருப்பத்தின் பேரில் என்றுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் டி.சி. கிடைக்காது என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு அப்படித்தான் உத்தரவு.

மோனிகா இன்னொரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்டி எழுத எனக்குக் கை வரல மேம்" என்றாள். வெளியே கம்பெனி பஸ் வருகிற நேரம்.

கிறிஸ்டினா பேனாவை வாங்கினாள். அந்தப் பொய்யைத் தன் கையாலேயே, கரும்பலகையில் எழுதுகிற அதே அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மோனிகா படித்துப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டாள்.