ஆர்கிரோ போட்ட மூன்று நாள் திட்டம்

கிரேக்கத் தீவொன்றின் ஸ்பாக்கியா கரையில் ஆர்கிரோவின் விடுதிக்கு ஆறே அறைகள். ஆனால் அவள் திட்டம் போட்டுக் கொடுத்த விடுமுறைகளுக்குக் கணக்கே இல்லை. சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகள் நாளைக்கு எங்கே போவது என்று தெரியாமல் முழிப்பார்கள். ஆர்கிரோ மேஜைமேல் விரித்த காகித விரிப்பிலேயே பேனாவால் கோடு இழுப்பாள். காலை ஆறுக்குப் பள்ளத்தாக்கு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். பதினொன்றுக்குக் கூழாங்கல் கரையில் குளியல். ஐந்தரைக்குக் கடைசிப் படகு, விட்டால் நீந்தித்தான் வர வேண்டும். எழுதி முடித்ததும் அந்தத் துண்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவாள். முப்பத்தொரு வருடத்தில் அந்தத் துண்டை நம்பிப் போனவர்களில் வழி தவறியவர் ஒரே ஒரு ஜெர்மன்காரர். அவர் அதில் மீனைச் சுற்றிவிட்டார், அதற்கு அவள் என்ன செய்ய முடியும்?

மேலே ஒமாலோஸ் மேட்டுச் சமவெளிக்கு நூற்றுக்கணக்கான பேரை அனுப்பியவள், தான் அங்கே போனது இரண்டே தடவை. இரண்டும் சாவு வீடு. கறுப்பு உடுப்போடு போய், கசப்புக் காப்பி குடித்து, பொழுது சாயுமுன் திரும்பியாயிற்று. கோடையில் விருந்தாளிகள், குளிர்காலத்தில் ஆலிவ் பறிப்பு, இரண்டுக்கும் நடுவில் சுண்ணாம்பு அடிப்பு. ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரே ஓர் ஆசை வந்தது. மூன்று நாள், வேறு யாரோ சமைத்ததைச் சாப்பிட வேண்டும்.

ஜனவரியில் ஒரு புது விரிப்பை விரித்தாள். இந்த வருடம் ஈஸ்டர் மே ஐந்தாம் தேதிதான். அதற்கு அடுத்த செவ்வாய் கிளம்பினால் வெள்ளி காலை திரும்பிவிடலாம். முதல் விருந்தாளிகள் வர அப்புறமும் ஒரு வாரம் இருக்கும். 'செவ்வாய், எட்டு மணிக்கு வண்டி. புதன், ஊற்று வரை நடை. வியாழன், ஒன்றுமில்லை' என்று எழுதினாள். அந்த 'ஒன்றுமில்லை'க்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். மேலே விடுதி நடத்தும் ஃபோத்தினிக்குப் போன் போட்டு, கணவன் பெயரில் ஓர் அறை எழுதிக்கொள்ளச் சொன்னாள். விரிப்பைச் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

கணவன் மார்க்கோஸ் அதைப் படித்தான். தேனீப் பெட்டி வைத்திருப்பவன், தேவைக்கு மேல் பேச மாட்டான். "சரி" என்றான்.

எங்கள் ஊரில் பிறந்தநாளை யாரும் சட்டை செய்வதில்லை. பெயருக்குரிய புனிதரின் நாள்தான் திருநாள். அன்றைக்கு யாரையும் அழைக்க வேண்டாம், கதவைத் திறந்து வைத்தால் போதும், ஊரே வந்துவிடும். சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். மார்க்கோஸின் நாள் ஏப்ரல் இருபத்தைந்து. ஆர்கிரோ நாள்காட்டியில் அதைப் பார்த்து, தன் திட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று நிம்மதியானாள். ஏப்ரல் இருபத்தைந்து வந்தது, போனது. சுண்ணாம்பு மும்முரத்தில் அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஈஸ்டர் ஞாயிறன்று ஆட்டுக்கறி விருந்து முடிந்து கை கழுவும்போது நாத்தனார் ஸ்டிலியானி சொன்னாள்: "அண்ணி, செவ்வாக்கெழமைக்கு நான் ரெண்டு தட்டு பலகாரம் கொண்டாந்துடறேன். கறியை நீ பாத்துக்க."

"செவ்வாக்கெழமை என்ன?"

"என்னவா? எங்கண்ணனோட திருநாளு! நோன்புக்குள்ள வந்தா புனிதர்ங்க ஈஸ்டருக்கு அப்புறம் தள்ளிப் போயிடுவாங்கள்ல? ஜார்ஜ் திங்கக்கெழமை, மார்க் செவ்வாக்கெழமை. கட்டுன புருசனோட நாளை மறந்தவ ஊருலேயே நீ ஒருத்திதான்!"

ஆர்கிரோவுக்குத் திக்கென்றது. ஊரில் ஜார்ஜ் பெயரை வைத்துக்கொண்ட யோர்கிஸ் பதினொரு பேர் இருக்கிறார்கள், புனித ஜார்ஜ் எந்தத் தேதிக்குத் தாவினாலும் பதினொரு வீட்டு அடுப்பு நினைவுபடுத்திவிடும். மார்க்கோஸ் ஒரே ஒருவன்தான். ஊர்பேர் தெரியாத ஜெர்மன்காரனுக்கெல்லாம் மணிக்கணக்காகத் திட்டம் போட்டவள், தன் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது, அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போய் விரிப்பைக் கழற்றி, நாலாக மடித்து, மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகினாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் நாற்பது பேருக்குப் பாலாடைக்கட்டி அப்பம் செய்ய மாவு பிசையத் தொடங்கினாள். மார்க்கோஸ் உள்ளே வந்து வெறும் ஆணியைப் பார்த்தான், அப்புறம் மாவைப் பார்த்தான்.

"என்ன பண்ற?"

"கண்ணு தெரியலயா? உன் திருநாளுக்குக் கலிச்சூனியா பண்றேன். மலையாவது மண்ணாவது."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கல் நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் மாவை அடித்தாள்.

மதியம் ஜார்ஜ் திருநாளுக்கு ஊர் முழுக்க மார்க்கோஸின் சித்தப்பா மகன் யோர்கிஸ் வீட்டில் கூடியிருந்தது, ஆர்கிரோவும் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். ராக்கிச் சாராயக் கோப்பை மூன்று சுற்று வந்திருக்கும். கூட்டத்தில் வாய் திறக்காத மார்க்கோஸ் எழுந்து நின்றான். எல்லோரும் அவனுக்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்தார்கள்.

"எனக்குப் பல்லாண்டு சொல்றவங்க இன்னைக்கே, இங்கயே சொல்லிடுங்க. நாளைக்கு எங்க வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். எம்பொஞ்சாதி என்னை மலைக்கு லீவுக்குக் கூட்டிட்டுப் போறா."

"அண்ணே, இதெல்லாம் உனக்கே நல்லாருக்கா?" என்று ஸ்டிலியானி முகவாயில் கை வைத்தாள்.

"புனிதர் இந்த வருசம் மலையேறிட்டார்டோய்!" என்று யோர்கிஸ் மேஜையைத் தட்டினான். "டேய் மார்க்கோ, அவரு கோவிச்சுக்கப் போறார்டா."

"நினைச்சப்பல்லாம் தேதியை மாத்துறாரே, நான் கோவிச்சுக்கிட்டேனா?"

வீடே சிரித்து உருண்டது. வரிசையாக வந்து அவன் முதுகில் தட்டி வாழ்த்தினார்கள். ஸ்டிலியானிகூடக் கடைசியில் வந்து, "போய்த் தொலை, சுவெட்டர் எடுத்துட்டுப் போ, மேல குளிரும்" என்றாள்.

திரும்பும் வழியில் ஆர்கிரோ அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜனவரியிலயே."

"ஏன்யா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அந்த ஆணியவே அடிச்சிருக்க மாட்ட." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னான்: "முப்பது வருசமா அது எனக்குத்தான் திருநாள். நீ ஒருநாளாவது உக்காந்து பாத்ததில்ல."

செவ்வாய் காலை எட்டு மணிக்கு, எழுதி வைத்தபடியே, வண்டி கிளம்பியது. பிசைந்த மாவு வீணாகவில்லை, ஒரு கூடைக் கலிச்சூனியா பின்சீட்டில் வந்தது. மேலே சமவெளி பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது, சிகரங்களில் இன்னும் பனி மிச்சமிருந்தது. ஃபோத்தினியின் விடுதியில் மேஜைக்கு உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் ஃபோத்தினியே இரண்டு கோப்பையும் ஒரு தட்டுக் கறியுமாக வந்தாள்.

"புத்தகத்துல மார்க்கோஸ்னு பேரு எழுதியிருக்கே, ஒளிஞ்சுக்கலாம்னு பாத்தீங்களா? பல்லாண்டு வாழ்க!"

பழக்கதோஷம், ஆர்கிரோ சட்டென்று எழுந்து தட்டை வாங்கக் கை நீட்டினாள்.

"நீ உக்காருக்கா" என்று ஃபோத்தினி அவள் தோளை அழுத்தினாள். "நாளைக்கு எங்க போறீங்க? ஊத்துக்கா? இரு, வழி வரைஞ்சு தர்றேன்."

காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக் காகித விரிப்பில் கோடு இழுத்தாள். ஆர்கிரோ இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்று வரை முக்கால் மணி நடை என்று ஃபோத்தினி எழுதினாள். சுத்தத் தப்பு. ஒன்றேகால் மணி ஆகும், போய் வந்த விருந்தாளிகள் சொன்ன கணக்கு. ஆர்கிரோ தானே எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்!

மார்க்கோஸ் அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் அதைத் திருத்தவில்லை. கிழித்துக் கொடுத்த துண்டை இரண்டு கையாலும் வாங்கி, பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.