நாற்காலி மேல் நின்ற டத்தோ

மியோர் ஹாரித் டத்தோ ஆனபோது அவருக்கு வயது பதின்மூன்று. சுல்தான் கொடுத்ததல்ல. காலேஜ் விடுதியில், பல் தேய்க்கிற இடத்தில், மேல்வகுப்புப் பையன் ஒருத்தன் வாயில் நுரையோடு கொடுத்தது.

பேருக்குத்தான் காலேஜ்; பேராக் ஆற்றங்கரையில் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டிய வெள்ளைக்காரர்கள், ராஜா வீட்டுப் பிள்ளைகளைத் துரைமாராக்கி நாற்காலியில் உட்கார வைக்கத்தான் கட்டினார்கள். பிற்பாடு, போனால் போகிறதென்று, பரீட்சையில் தேறிய கிராமத்து மலாய்ப் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். படகோட்டி மகன் ஹாரித் அப்படி வந்தவர். தாத்தாவின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் தைல வாசனையோடு, லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டு வந்து நின்றார். "யாருடா இது? டத்தோ வந்திருக்காரு, வழி விடுங்கடா!" என்றான் அந்த நுரைவாயன். மலாய்க்காரர்களுக்குத் தாத்தாவும் டத்தோதான், அரண்மனையில் பட்டம் வாங்கிய பெரிய மனுஷரும் டத்தோதான். விடுதியே சிரித்தது. போச்சு, அவ்வளவுதான். காலேஜில் ஒட்டிய பட்டப்பெயர் கபர்க்குழி வரைக்கும் கூடவே வரும்.

பாடம் மறந்தாலும் அங்கே படித்தவன் இரண்டு சட்டத்தை மறக்கமாட்டான். ஒன்று, மூத்தவன் முன்னால், இளையவன் பின்னால். சோற்றுக்கும் அப்படித்தான், குளியலறைக்கும் அப்படித்தான். இன்றைக்கும் பழைய மாணவர் விருந்தில் மந்திரியே ஆனாலும், காலேஜில் ஒரு வருஷம் மூத்தவரான பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் கறிச்சட்டியைத் துழாவி முடிக்கிறவரை தட்டோடு நிற்கத்தான் வேண்டும். இரண்டாவது, கூடப் படித்தவனை என்றைக்கும் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாய் தவறி அவன் வாங்கிய பட்டத்தைச் சொல்லிவிட்டால், அந்த இடத்திலேயே நாற்காலி மேல் ஏறி காலேஜ் பாட்டை முழுசாகப் பாட வேண்டும். இடம் பொருள் ஏவல் கிடையாது.

வருஷங்கள் ஓடின. எருமை என்று பேர் வாங்கிய ஸுல்ஃபக்கார் நீதிபதியாகி, டத்தோவுக்கும் மேலான டான்ஸ்ரீ பட்டம் வாங்கினார். தவளை என்று பேர் வாங்கியவர் பேராசிரியராகி டத்தோ ஆனார். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் டத்தோ. ஹாரித் மட்டும் நில அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்று, ஆற்றங்கரையில் வாத்து வளர்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் விருந்துகளில் யாராவது "டத்தோ!" என்று கத்தினால் நிஜ டத்தோக்கள் ஒருத்தரும் திரும்பமாட்டார்கள். நம்ம வாத்துக்கார டத்தோதான் திரும்புவார். என்ன கொடுமை பாருங்கள்!

இந்தப் பேரை மனுஷர் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை, மகள் ரொஸ்னிடாவுக்கு வரன் வருகிறவரை.

பையன் ஃபாஹ்மி தங்கமானவன். இரண்டு பேரும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்து, தாங்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள். வில்லங்கம் அவன் அப்பா ஹாஜி தர்மிஸி ரூபத்தில் வந்தது. ஈப்போ நகரத்தில் பெரிய காண்ட்ராக்டர். பாலம் கட்டினார், பள்ளிவாசலுக்குக் கூரை போட்டார், டத்தோ பட்டத்துக்கு ஆண்டுதோறும் தவம் கிடந்தார். சுல்தான் பிறந்தநாளன்று பட்டியல் வந்ததும் தன் பேரைத் தேடுவார், காணாமல் இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.

அந்த ஹாஜி முதல்முறை ஹாரித்தைப் பார்த்தது ஒரு கல்யாண விருந்தில். அந்த நேரம் பார்த்து, டான்ஸ்ரீ ஸுல்ஃபக்கார் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, "டத்தோ! எப்படிடா இருக்கே!" என்று ஹாரித்தைக் கட்டிப்பிடித்தார். ஹாஜிக்குக் கண் விரிந்தது. டான்ஸ்ரீயே வந்து கட்டிப்பிடிக்கிற டத்தோ! அப்படிப்பட்டவர் வீட்டுப் பெண் தன் வீட்டுக்கு!

ஹாரித் அப்போதே சொல்லத்தான் பார்த்தார். "ஹாஜி, நான் டத்தோ எல்லாம் இல்லீங்க."

"பெரிய மனுஷங்க இப்படித்தான் சொல்வாங்க," என்று ஹாஜி உருகினார்.

"இல்லீங்க, நிஜமாவே வாத்துதான் வளக்கறேன்."

"அடடா! என்ன ஒரு எளிமை!"

வீட்டுக்கு வந்து மனைவி ரஹீலாவிடம் சொன்னார். அவள் வாத்துக்கு வைத்த தவிட்டைக் கையில் பிடித்தபடியே பொரிந்தாள். "நீங்க பொய் சொன்னீங்களா? இல்லல்ல? அவரு நம்பமாட்டேங்கறாரு, அது அவரு பாடு. நிக்காஹ் முடியற வரைக்கும் வாயைத் திறந்தீங்க, தெரியும் சேதி! எம் பொண்ணு இந்தப் பையன் இல்லேன்னா கல்யாணமே வேணாங்கறா."

ஹாரித் வாயை மூடிக்கொண்டார். ஆனால் வாத்துக்குத் தவிடு போடும்போதெல்லாம் அதே நினைப்புதான். தெரிய வந்தால் கல்யாணம் நிற்கும், மகள் மூஞ்சியில் எப்படி முழிப்பது?

பெண் கேட்டு வருகிற நாளும் வந்தது. வெற்றிலைப் பெட்டியை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் பாட்டும் பழமொழியுமாகப் பேசித்தான் பெண் கேட்பது வழக்கம். பெண் வீட்டுக்காகப் பேச வந்தவர் வேறு யார், நம்ம எருமை டான்ஸ்ரீதான். ஹாஜி புதுப் பட்டுச் சட்டையில் மினுமினுத்தார். பக்கத்தில் அவர் மனைவி கல்சோம் அம்மா, குண்டாக, கலகலப்பாக, வந்ததிலிருந்து ஹாரித் வீட்டு வாத்துக்கறியில் கண்ணாக.

"பூந்தோட்டத்துல ஒரு பூ இருக்குன்னு கேள்விப்பட்டு வந்தோம்," என்று மாப்பிள்ளை வீட்டார் ஆரம்பித்தார்கள். எருமை பதில் பாட்டு எடுத்துவிட்டார். எல்லாம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. ஹாஜி மட்டும் நடுநடுவே, "டான்ஸ்ரீ சொன்னா சரி, டான்ஸ்ரீ சொன்னா சரி," என்று அதையே ஓதிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு ஹாரித்தின் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. தேநீரை நீட்டும்போது பதற்றத்தில், "எடுத்துக்குங்க டான்ஸ்ரீ," என்றுவிட்டார்.

சபை நடுவே எருமையின் கண் பளிச்சிட்டது. "என்ன சொன்னே?"

"டேய், இன்னிக்கு வேணாம்டா," என்று ஹாரித் கெஞ்சினார்.

"சட்டம் சட்டம்தான். ஏறு!"

நீதிபதியாக இருந்த ஆள், தீர்ப்பை மாற்றுவாரா? அறுபது வயது ஹாரித் சரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி, சம்பந்தி வீட்டார் முன்னால், காலேஜ் பாட்டைப் பாடினார். எருமை மரியாதையாக எழுந்து நின்றார். எதற்கென்று தெரியாமல் மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்து நின்றார்கள். வெளியே வாத்துகள் சேர்ந்து பாடின.

பாட்டு முடிந்து மற்றவர்கள் உட்கார்ந்ததும் ஹாஜி கேட்டார். "டத்தோ எதுக்குப் பாடினாரு?"

"என்னை டான்ஸ்ரீன்னு சொல்லிட்டான். கூடப் படிச்சவனைப் பட்டம் சொல்லிக் கூப்பிட்டா பாடணும், அதான் எங்க வழக்கம்."

ஹாஜி காண்ட்ராக்டர். ஒரு கல் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவர். "அப்ப நீங்களும் ஏறணுமே டான்ஸ்ரீ? காலையிலிருந்து அவரை டத்தோ டத்தோன்னுதானே கூப்பிடறீங்க?"

"அது எங்கே பட்டம்?" என்று எருமை சிரித்தார். "அது பட்டப்பெயர்!"

சமையலறைத் திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டு நின்றது. ரொஸ்னிடா அங்கேதான் நின்றிருந்தாள்.

ஹாரித் இன்னும் நாற்காலி மேலேயே இருந்தார். இறங்கத் தோன்றவில்லை. "ஆமா ஹாஜி," என்றார். "சுல்தான் குடுத்ததில்ல. சளி குடுத்தது. சின்ன வயசுல தாத்தா மாதிரி இருமுவேன். அன்னிக்கே சொன்னேன், நீங்க நம்பல. அப்புறம் பொண்ணுக்காகப் பயந்து சும்மா இருந்துட்டேன். தப்பு எம்மேலதான், அவமேல இல்ல. அவளை வேணாம்னு சொல்லிடாதீங்க." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஹாஜியின் முகம் மிளகாயாகச் சிவந்தது. "பத்திரிகை அடிச்சாச்சய்யா! தங்க எழுத்துல, டத்தோ மியோர் ஹாரித்னு! ஈப்போ பூரா சொல்லியாச்சு! இல்லாத பட்டத்தைப் போட்டா போலீஸ் வரும், தெரியுமா?" வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கல்சோம் அம்மா மட்டும் எழவில்லை. ஒரு துண்டு வாத்துக்கறியைச் சாவகாசமாக மென்று முடித்தார்.

"உக்காருங்க," என்றார் புருஷனிடம். "வருஷா வருஷம் பட்டியலைப் பாத்துட்டு எஞ்சோத்தைத் தொடாம பட்டினி கிடந்தீங்களே, என்னிக்காவது கேட்டேனா? இன்னிக்கு நான் கேக்கறேன். அந்தப் பத்திரிகையைக் கிழிச்சுட்டு வேற அடிங்க. புள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆகட்டும். ஒரே வருஷத்துல ஒரு பேரப்புள்ள, இவரும் டத்தோ, நீங்களும் டத்தோ. சுல்தான் கையால கிடைக்காததை மருமக கையால வாங்கிக்குங்க."

முதலில் சிரித்தது திரைக்குப் பின்னால் இருந்த ரொஸ்னிடா. அப்புறம் எருமை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஹாஜி வெற்றிலைப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அந்தக் கறி இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. புதுப் பத்திரிகையில் வெறும் மியோர் ஹாரித்தான். கல்சோம் அம்மா சொன்ன கெடு தாண்டுவதற்குள் ரொஸ்னிடாவைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். வெளியே நீள பெஞ்சில் இரண்டு கிழவர்களும் பக்கத்தில் பக்கத்தில், நகத்தைக் கடித்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். "பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. டத்தோ வரலாம்."

ஹாஜி தர்மிஸி விருட்டென்று எழுந்தார். எத்தனை வருஷத் தவம்! கண்ணில் நீர் தளும்ப, வாசலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். வாசற்படியை மிதிக்கும்போது பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"பின்னால வாங்க ஹாஜி," என்றார் ஹாரித். "நான் சீனியர்."