எழுந்திருக்கச் சொல்லும் வாக்கியம்

அலோயிஸ் கெம்ஃப் (1923–1988), பிரான்சின் ஜெர்மன் எல்லையோரமுள்ள ஸ்திராஸ்பூர் நகர டிராம் நடத்துநர்.

1946ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் பணியில் சேர்ந்தபோது, பதினான்கு வாக்கியங்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அனைத்தும் பயணிகளிடம் பிரெஞ்சில் கூற வேண்டிய பணிவான ஏவல்கள்: முன்னே செல்லுங்கள், இறங்குவோருக்கு வழிவிடுங்கள், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் இறுதியிலும் 'சில் வூ ப்ளே', அதாவது தயவுசெய்து. மூன்று மாதம் தகுதிகாண் காலம்.

பிரெஞ்சு அவர் பள்ளியில் படித்த மொழியே. ஆயினும் ஜெர்மானியர் ஆண்ட நான்காண்டுகளில் அதைத் தெருவில் பேசினாலே அபராதம். பின்னர் நகரின் மற்ற இளைஞர்களைப் போல அவரையும் வலுக்கட்டாயமாகத் தம் படையில் சேர்த்து ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பினர். திரும்பி வந்தவரின் வாயில் ஏவல் என்றால் ஜெர்மன்தான் வந்தது. அதுவும் அணிவகுப்புக் குரலில். போர் முடிந்து ஓராண்டே ஆன நகரில், பயணியை ஜெர்மனில் அதட்டும் நடத்துநருக்கு அன்றே வேலை போய்விடும். மனைவி ஒதீலுக்கோ அப்போது ஏழாம் மாதம்.

ஒதீல் நாள்தோறும் சமையலறை நாற்காலியில் பயணியாக அமர்ந்துகொள்வார். போரில் ஊனமுற்றோருக்கு இடம் கேட்கும் பன்னிரண்டாம் வாக்கியமே கெம்ஃபை மிகவும் அச்சுறுத்தியது.

"லெவே வூ, சில் வூ ப்ளே."

"எந்திரிக்க மாட்டேன். அதட்டுறீங்க. நான் என்ன உங்க படையிலயா இருக்கேன்?"

"மெதுவாத்தானே சொன்னேன்?"

"பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறத நிறுத்திடுச்சு. மறுபடி சொல்லுங்க."

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. வண்டியில் நல்ல கூட்டம். ஓட்டுநர் செப்பல் திரும்பி முணுமுணுத்தார்.

"தம்பி, இன்ஸ்பெக்டர் ஹ்யூபர் ஏறிட்டாரு. ஒருத்தன் 'தயவுசெய்து'வ முழுங்கிட்டான்னு போன வாரம் வீட்டுக்கு அனுப்பின மனுஷன். பார்த்துப் பேசு."

ஹ்யூபர் கடைசி வரிசையில் குறிப்பேட்டை விரித்து அமர்ந்தார். அடுத்த நிறுத்தத்தில், ஒரு காலை இழந்தவர் ஊன்றுகோல்களுடன் ஏறி, போரில் ஊனமுற்றோருக்கான அட்டையைக் காட்டினார். அவருக்குரிய இருக்கையில் இளைஞன் ஒருவன் செய்தித்தாளில் மூழ்கியிருந்தான். கெம்ஃப் அவன் முன் நின்றார். "லெ..." என்று தொடங்கினார், அவன் நிமிரவில்லை. வண்டி வளைவில் திரும்பியது. ஊன்றுகோல் ஒன்று நழுவியது.

"அவுஃப்ஷ்டேன்!"

எழுந்திரு! ஜெர்மனில், அணிவகுப்புக் குரலில். இளைஞன் துள்ளி எழுந்தான். அவனோடு இன்னும் ஏழு பேர் எழுந்தனர். அனைவரும் இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். முதுகு நேராக, கைகள் தொடையோடு ஒட்டியிருக்க, எதிரே வெறித்தபடி நின்றனர். கடைசி வரிசையில் ஹ்யூபரும் அவ்வாறே நின்றார்; குறிப்பேடு அவர் காலடியில் கிடந்தது.



"அட, அத்தன பேருமா!" என்றாள் காய்கறிக் கூடையுடன் இருந்த ஒருத்தி.

ஊனமுற்றவர் மெல்ல அமர்ந்தார். "எனக்கு ஒரு சீட்டு போதுமய்யா. மத்தவங்க உட்காருங்க."

எவரும் அமரவில்லை. கெம்ஃப் தாழ்ந்த குரலில், "அசெயே வூ, சில் வூ ப்ளே" என்றார். ஒவ்வொருவராக அமர்ந்தனர். ஹ்யூபர்தான் கடைசி.

இறங்கும்போது அவர் கெம்ஃபின் காதருகே குனிந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் எதையும் எழுதல. நீங்களும் எதையும் பார்க்கல. புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

வேலை நிரந்தரமாயிற்று. அச்சம் மட்டும் தணியவில்லை. பன்னிரண்டாம் வாக்கியத்தை அவர் பிறகு ஒருபோதும் உச்சரிக்கவில்லை. அமர்ந்திருப்பவரின் தோளை இரு விரல்களால் தொட்டு, தலைகுனிந்தே இடம் கேட்டார். அவ்வாறு அவர் இறுதியாகக் கேட்டது, நகரின் டிராம் சேவையே நின்றுபோன வார இறுதியில், 1960 ஏப்ரல் 30, சனிக்கிழமை.