நீச்சல் தெரிந்த மாப்பிள்ளை

மதியச் சாப்பாட்டு நேரத்தில், என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "டீச்சர், இது உங்க வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டார். என் கையில் பிசைந்த தயிர்சோறு. போனில் தஞ்சாவூர் புது ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கல்லணைக் கால்வாயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பாலத்தடியில், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இடுப்பில் கயிற்றோடு, ஒரு வயதான அம்மாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருந்தார். மேலே ஒரு வைக்கோல் லாரி நின்றது. லாரிக்காரரும் இன்னும் சிலரும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம், அது என் வீட்டுக்காரர்தான். தலைமைக் காவலர்.

அந்த அம்மாவை மேலே ஏற்றுவதோடு வீடியோ முடிந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கீழே எழுதியிருந்தது. ஆசிரியர் அறை முழுக்கக் கூடிவிட்டது. என்ன தைரியம், என்ன நீச்சல் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்க வந்து, அதில் சோறு இருந்ததைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அந்த வீடியோவை மறுபடியும் ஓட்டச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை.

நான் வெண்ணாற்றங்கரையில் பிறந்தவள். பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊர். நடை பழகிய கையோடு நீச்சலும் பழகிவிடுவோம். தண்ணீரில் கிடக்கிற ஆள் நீந்துகிறாரா, தத்தளிக்கிறாரா என்று எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவில் அவர் தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து வைத்திருந்தார். ஒரு கை அந்த அம்மாவின் முடியில். இன்னொரு கை தண்ணீரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கால் அசைகிற அடையாளமே இல்லை. வாய்க்காலில் தவறி விழுந்த பிள்ளைகள் அப்படித்தான் செய்யும். எல்லாரும் ஒருத்தர் இன்னொருத்தரைக் காப்பாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது இரண்டு பேர் மூழ்குவதை. மிச்சச் சோறு எனக்கு இறங்கவில்லை.

அவர் ராமநாதபுரத்துப் பக்கம். குடிக்கிற தண்ணீருக்கே சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போன ஊர்க்காரர். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா கொல்லைப் பக்கம் அழைத்துப் போய் ஆற்றைக் காட்டி, "தம்பிக்கு நீச்சல் தெரியும்ல?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் அது ஒரு கேள்வியே இல்லை. காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்பது மாதிரிதான். "தெரியும்ங்க" என்று இவரும் சொல்லிவிட்டார்.

தலைதீபாவளிக்கு வந்தபோது இடுப்பளவுக்கு மேல் இறங்கவில்லை. சைனஸ் என்றார். படித்துறையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். ஆடிப்பெருக்கு வந்தால் வருஷா வருஷம் அவருக்கு ஆற்றங்கரையில் பந்தோபஸ்து. பிள்ளைகள் இரண்டும் லீவுக்குப் போய் ஆற்றில் குதித்து விளையாடும்போது அவர் படியில் உட்கார்ந்து எல்லார் செருப்புக்கும் காவல் இருப்பார். 'சொம்புக் குளியல்' என்று நான் கேலி செய்ததோடு சரி, ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. நீச்சல் தெரியாத வயசு வந்த மனுஷர் ஒருவர் இருக்க முடியும் என்பதே எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோன்றாது. இத்தனை வருஷம் அவர் மாட்டாமல் தப்பித்தது அதனால்தான்.

அன்று சாயங்காலம் யாருடைய கைலியையோ கட்டிக்கொண்டு, ஈர யூனிஃபார்மை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் பையை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதுதானே?"

அவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "தெரியாது" என்றார். பிறகு, "உங்கப்பா கேட்ட தினுசுல, இல்லன்னா பொண்ணு குடுக்க மாட்டாருன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

வேறு ஒரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது. அந்த மனுஷன் மேல் எனக்கு உயிர். அதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை, எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்லிக்கொள்கிற வழக்கமும் இல்லை. கோபமாகத்தான் எனக்கு அது வெளியே வரும். அந்தக் காக்கிச் சட்டையைத் துவைகல்லில் அடித்த அடியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். துவைத்து முடித்துவிட்டு வந்து கேட்டேன். சுற்றி அத்தனை ஆம்பளைகள் நின்றார்களே, அதில் ஒருத்தருக்குக்கூடவா நீச்சல் தெரியாது? தெரியும் என்றார். தெரிந்தவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீரின் இழுப்பும் தெரியும், அதனால் யோசித்தார்கள், தனக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார். எனக்கு எரிந்தது.

"இனிமே தண்ணியில குதிக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

சத்தியம் பண்ணுவதில் அவர் தாராளம். வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போவதாகவும், வெற்றிலை போடுவதை விடுவதாகவும் எத்தனையோ சத்தியம் செய்திருக்கிறார், ஒன்றையும் காப்பாற்றியதில்லை. அவை பொய் என்று தெரிந்தே நானும் வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் பொய்ச் சத்தியம்கூடப் பண்ணவில்லை. பசிக்கிறது, சாப்பாடு போடு என்றார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மறுபடி குதிக்கப்போகிறவர்தானே சத்தியத்துக்கு இப்படிப் பயப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முழுக்கப் பாராட்டுதான். என் அப்பா ஊர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கே நீச்சல் தெரியுமா என்று கேட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுச் சால்வை போட்டார். போட்ட கையோடு, மழைக்காலத்துக்கு அமைக்கிற வெள்ள மீட்புக் குழுவில் முதல் பேராக இவர் பேரையும் எழுதிவிட்டார். நன்றாக நீந்துகிற ஆளாயிற்றே. இவர் என்ன சொன்னார் என்கிறீர்கள்? "சரிங்கய்யா."

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். மறுநாள் காலையில் டிபனைத் தட்டில் வைக்காமலே அவர் முன்னால் நின்றேன். போய் உண்மையைச் சொல்லுங்கள், அப்புறம்தான் இட்லி என்றேன். போய்ச் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். சிரித்து முடித்து, மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, கற்றுக்கொண்டு வாருங்கள், அதுவரைக்கும் கயிறு பிடிக்கிற வேலை உங்களுக்கு என்றாராம். பேரை மட்டும் அடிக்கவில்லை. ஃபெயிலான பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து, "நீ சொல்லிக் குடேன்" என்றார்.

நீங்கள் நீச்சல் கற்றுக்கொண்டால் இன்னும் தைரியமாகக் குதிப்பீர்கள், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் சத்தியம், பிறகு நீச்சல். இதிலேயே சில நாள் போனது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த மகளுக்கு மொபெட்டில் சாப்பாடு எடுத்துப் போகும்போது, குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒதுங்கி, வண்டியோடு ஆற்றுக்குள் போனவர். தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்து, ஒரு டப்பாவில் கேசரியும் கொண்டுவந்திருந்தார். பேத்தி பிறந்திருக்கிறாளாம். வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போயிருந்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். என் அம்மா வயசுதான் இருக்கும். டம்ளரைப் பிடித்திருந்த கையில் தோல் உரிந்த காயம் இன்னும் ஆறவில்லை. "சார் குதிக்கும்போதே தெரிஞ்சுதும்மா, நல்லா நீச்சல் தெரிஞ்சவங்கன்னு" என்றார். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

அவர் போன பிறகு அந்தக் காலி டம்ளரைக் கழுவ மனசு வராமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் புருஷன் குதிக்கவே கூடாது என்றுதான் நான் அத்தனை நாளும் அடம்பிடித்தேன். அவர் குதிக்காமல் இருந்திருந்தால் இந்த அம்மா பேத்தியைப் பார்த்திருக்க மாட்டார். இரண்டும் நிஜம். ஆனாலும் சத்தியம் வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. சொல்லித் தருகிறேன், கற்று முடிப்பதற்குள் சத்தியம் பண்ணிவிட வேண்டும் என்று இறங்கி வந்தேன்.

அப்பா கண்ணில் படக் கூடாது என்று எங்கள் ஊருக்கு மேற்கே ஆள் வராத ஒரு படித்துறையைப் பிடித்தோம். அவருக்கு ஓய்வு கிடைக்கிற நாட்களில், விடிந்தும் விடியாததுமாகப் போய்விடுவோம். பிடித்துக்கொள்ள ஒரு வாழைமரத் துண்டு வெட்டிப் போட்டேன். என் வகுப்பில் படிக்கிற வாண்டுகளுக்கு இவரைவிடச் சுலபமாகக் கற்பித்துவிடலாம். தண்ணீரில் இறங்கியதும் பரேடில் நிற்கிற மாதிரி விறைத்துக்கொள்வார். விறைத்தால் உடம்பு மூழ்கும். "உடம்ப விடுங்க, இங்க ஒருத்தரும் உங்களுக்கு சல்யூட் வைக்கப் போறதில்ல" என்பேன். விடுகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் விறைப்பார். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, கண் சிவந்து, மறுபடி வந்து துண்டைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாளும் போதும் என்று சொல்லவில்லை.

அவர் வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தாங்கிப் பிடிப்பேன். அத்தனை பெரிய மனுஷர் தண்ணீரில் கனமே இல்லை. காய்ச்சலில் படுத்தால்கூட யாரையும் தொட்டுத் தூக்க விடாதவர், என் ஒரு கை மேல் குழந்தை மாதிரி கிடந்தார். எனக்கு அந்தக் காலை நேரங்கள் ரொம்பப் பிடித்துப்போயின. கல்யாணமான புதுசில்கூட நாங்கள் அப்படி ஒன்றாக ஓரிடத்தில் இருந்ததில்லை. ஆவணி பிறந்தபோது துண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்வரப் பழகியிருந்தார்.

அன்றைக்கு மார்பளவுத் தண்ணீரில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் துண்டைப் பிடுங்கி என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இப்ப சத்தியம் பண்ணுங்க. அப்பத்தான் இதத் தருவேன்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். சொல்லும்போது குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவரும் சிரிக்கவில்லை. முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் குதிச்சதுக்கு அப்புறந்தான் வீடியோ எடுக்க ஆரம்பிச்சானுங்க. அதுக்கு முன்னாடி நடந்தத நீ பாக்கல" என்றார். "அந்தம்மா பாலத்துத் தூண்ல நீட்டிக்கிட்டிருந்த கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுக் கத்திக்கிட்டிருந்தாங்க. நான் மேலேருந்து எட்டிப் பாத்தேன். யூனிஃபார்மப் பாத்ததும் கத்துறத நிறுத்திட்டாங்க. போலீஸ் வந்தாச்சுன்னு ஒரு கைய விட்டுட்டு என் பக்கம் நீட்டுனாங்க. நான் வந்ததாலதான் அந்தக் கைய விட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு நீச்சல் தெரியாதும்மான்னு எப்படிச் சொல்றது?"

அந்த அம்மாவின் தோல் உரிந்த கையில் நான் காபி கொடுத்திருக்கிறேன்.

வாழைமரத் துண்டை ஆற்றோடு விட்டுவிட்டேன். அது போவதை அவர் கலவரத்தோடு பார்த்தார். அவர் வயிற்றுக்கு அடியில் கையை வைத்துத் தூக்கினேன்.

"சத்தியமெல்லாம் வேணாம்" என்றேன். "கால நல்லா அடிங்க."